சொந்த வீடும் சிவப்புக் கோடும்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ‘டன்லப் சொற்பொழிவு’ என்னும் பெயரால் ஓர் ஆண்டுச் சொற்பொழிவு வரிசை உண்டு. தத்துவமோ இலக்கியமோ அதன் பொருளன்று. மக்கள் குடியிருக்கும் வீடு, அதைக் கட்டும் தொழில், அதை வாங்கத் தேவைப்படும் பணம், அவற்றைப் பற்றி அரசு வகுக்கும் கொள்கை ஆகியவையே அதன் பொருள். புகழ்பெற்ற ஒரு பல்கலைக்கழகம் செங்கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேசவா மேடை அமைத்தது என்று நம்மில் சிலர் வியக்கக்கூடும். வியப்புக்கு இடமில்லை. திருமறையின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயம் வீட்டை மனிதன் அமைதி காணும் இடமாகக் குறிப்பிட்டு, அதனை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அந்த அமைதி யாருக்குக் கிட்டியது, யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் கேள்வி எந்த நாட்டின் வரலாற்றிலும் சிறிய கேள்வியன்று.

சொற்பொழிவுக்குப் பெயர் தந்த ஜான் டன்லப் 1914இல் பிறந்து 2003இல் மறைந்த பொருளாதாரப் பேராசிரியர். 1975இலும் 1976இன் தொடக்கத்திலும் அதிபர் ஃபோர்டின் அமைச்சரவையில் தொழிலாளர் துறைச் செயலராக இருந்தவர். கட்டடத் தொழிலாளர் சங்கங்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் இடையே எழுந்த வழக்குகளில் நடுவராக அமர்ந்து தீர்த்துவைப்பதில் பெயர் பெற்றவர். அவர் பெயரால் சொற்பொழிவை நடத்தும் வீட்டுவசதி ஆய்வுக்கான கூட்டு மையத்தின் வேர், ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து 1959இல் நிறுவிய நகரியல் ஆய்வு மையத்தில் இருக்கிறது. நாட்டின் வீட்டுநிலை பற்றி 1988 முதல் ஆண்டறிக்கை வெளியிட்டு வருவதும் இம்மையமே. அங்கே திரும்பத் திரும்ப அலசப்படும் பொருள்களுள் ஒன்று சொந்த வீட்டுடைமை. அமெரிக்கர்கள் அதைத் தங்கள் தேசியக் கனவு என்றே அழைப்பர். அந்தக் கனவு எவ்வாறு நெய்யப்பட்டது, அந்நெசவில் எந்த நூல் அறுத்தெறியப்பட்டது என்பதை இக்கட்டுரையில் ஓரளவு காண்போம்.

அமெரிக்கர்கள் ஆதிநாள் தொட்டே சொந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் என்று எண்ணிவிடலாகாது. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 46 அல்லது 47 குடும்பங்களே சொந்த வீட்டில் வாழ்ந்தன. எஞ்சியோர் வாடகைக் குடியினர். 1940இல் அந்த அளவும் குறைந்து 44ஐ ஒட்டி நின்றது. காரணம் எளிது. அக்காலத்தில் வீட்டுக்குக் கடன் வாங்குவது இன்று நாம் அறிந்த முறையில் நடைபெறவில்லை. வீட்டு விலையில் ஏறத்தாழப் பாதியை வாங்குபவர் கையிலிருந்தே போடவேண்டும். மீதிக்குக் கிடைக்கும் கடனின் தவணையோ மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். அவ்வாண்டுகளில் பெரும்பாலும் வட்டியை மட்டும் செலுத்திவர வேண்டும். தவணை முடியும் நாளில் முதல் முழுவதையும் ஒரே மூச்சில் வைக்கவேண்டும். வைக்க இயலாதவர் மறுபடியும் புதுக்கடன் எழுதிக்கொள்வார். வங்கி இசைந்தால் வீடு நிலைக்கும். கையை விரித்தால் வீடு போகும்.

1929இல் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியபோது வங்கிகள் கையை விரித்தன. புதுக்கடன் எழுதித் தர ஆளில்லை. 1933இன் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் கடனுக்காகப் பறிமுதலாகி வந்தன என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். வட்டி கட்டத் தவறாதவரின் வீடுகூட முதலைத் திருப்பும் நாள் வந்துவிட்ட ஒரே குற்றத்துக்காகப் பறிபோனது. வட்டியைத் திருமறை ஏன் அத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்று கேட்போர்க்கு அந்த ஆண்டின் அமெரிக்காவைக் காட்டினாலே போதும்.

ரூஸ்வெல்ட் பதவியேற்ற அதே 1933இல் ‘வீட்டு உடைமையாளர் கடன் கழகம்’ என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. அது வங்கிகளிடமிருந்து முறிந்துகிடந்த கடன்களை வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரர்களுக்குப் பதினைந்து ஆண்டுத் தவணையில் புதிய கடன் எழுதியது. மாதந்தோறும் செலுத்தும் தொகையில் வட்டியோடு முதலிலும் ஒரு சிறு பகுதி கழிந்துவரும். தவணை முடியும்போது கடனும் முடிந்திருக்கும். இன்று உலகெங்கும் பரவியுள்ள முறை இது. அக்கழகம் மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் கடன்களை ஏற்றது. அவற்றின் மொத்தம் 300 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டு, அதாவது 1934இல், ‘கூட்டாட்சி வீட்டு நிர்வாகம்’ அமைந்தது. இது கடன் கொடுக்கவில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு அளித்தது. கடன்காரர் கைவிட்டால் வங்கியின் நட்டத்தை அரசு ஈடுசெய்யும். அச்சம் நீங்கிய வங்கிகள் விலையில் நூற்றுக்கு 80 வரை கடன் கொடுக்க முன்வந்தன. தவணை இருபது ஆண்டாயிற்று. 1938இல் இருபத்தைந்தாகவும், 1948இல் முப்பதாகவும் நீண்டது. கையிருப்பு குறைந்த தொழிலாளியும் எழுத்தரும் வாடகைக்குக் கொடுத்துவந்த பணத்தையே தவணையாகக் கட்டி வீட்டுக்காரர் ஆகலாம் என்றாயிற்று.

இதுவரை படித்த அன்பர்கள் ரூஸ்வெல்ட்டின் அரசை மனமாரப் பாராட்டுவர். பாராட்டட்டும். ஆனால் இந்த நன்மையின் நடுவே ஒரு கோடு கிழிக்கப்பட்டது.

கடன் கழகம் 1935 முதல் இருநூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வண்ணப் படங்கள் தயாரித்தது. எந்தப் பகுதியில் கொடுக்கும் கடன் பத்திரமானது, எது ஆபத்தானது என்று காட்டுவதே அப்படங்களின் நோக்கம். சிறந்த பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், சரிந்து வருவதற்கு மஞ்சள், ஆகாதது என்று தள்ளப்பட்டதற்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாம் சிவப்பாயின. வீடு உறுதியாக இருந்தாலும், குடியிருப்பவர் தவறாமல் சம்பளம் பெறுபவராக இருந்தாலும் நிறம் மாறவில்லை. ஈண்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அண்மைக்கால ஆய்வாளர் சிலர், அப்படங்கள் பலர் கைக்குச் செல்லவில்லை என்றும், கடன் கழகம் சிவப்புப் பகுதிகளிலும் கடன் கொடுத்தது என்றும், உண்மையில் கதவை அடைத்தது கூட்டாட்சி வீட்டு நிர்வாகமே என்றும் வாதிடுகின்றனர். வாதத்தில் வலு இருக்கிறது. நிர்வாகத்தின் கையேட்டைக் கண்டாலே அது விளங்கும். மாறுபட்ட இனத்தார் கலந்து வாழும் பகுதியில் வீட்டு விலை நிலைக்காது என்றும், வெள்ளையரல்லாதார் குடியேறாதபடி பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுவது நன்று என்றும் 1930களில் வெளிவந்த அக்கையேடு அறிவுறுத்தியது. அண்டை வீட்டாரின் வெறுப்பை அடக்கவேண்டிய அரசு, அந்த வெறுப்பையே விதியாக அச்சிட்டு வழங்கியது.

டெட்ராய்ட் நகரில் நடந்த ஒன்றைச் சொன்னால் இதன் கொடுமை புலனாகும். நகரின் வட எல்லையில் கறுப்பினத்தார் குடியிருந்த பகுதியை ஒட்டி, வெள்ளையருக்கென வீடுகள் கட்ட ஒரு மனை வணிகர் முயன்றார். அருகில் கறுப்பினத்தார் இருப்பதால் அவ்வீடுகளுக்குக் காப்பீடு தர இயலாது என்றது நிர்வாகம். வணிகர் 1941இல் இரு பகுதிகளுக்கும் இடையே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்தில் ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார். காப்பீடு கிடைத்துவிட்டது. சுவரின் ஒரு பக்கத்து மண்ணுக்கும் மறு பக்கத்து மண்ணுக்கும் வேறுபாடு ஏதும் இல்லை. பின்னாளில் வெள்ளையர் வெளியேற, சுவரின் இருபுறமும் கறுப்பினத்தாரே வாழலாயினர். சுவர் மட்டும் இடிபடாமல் நின்றது. 2006இல் அவ்வூர் மக்கள் அதன்மேல் சித்திரங்கள் தீட்டினர்.

போருக்குப் பின் கதை விரைவாக நடந்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு முன்பணமே இல்லாமல் வீட்டுக்கடன் கிடைக்க வழிசெய்தது. நியூயார்க்கை அடுத்த லெவிட்டவுனில் 1947 முதல் 1951 வரை ஒரே அச்சில் வார்த்தாற்போல் ஏறத்தாழ 17,000 வீடுகள் எழுந்தன. 1949இல் அங்கே ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். 1940இல் நூற்றுக்கு 44ஆக இருந்த வீட்டுடைமை 1960இல் 62ஐ எட்டியது. இருபதே ஆண்டுகளில் வாடகைக் குடிகளின் நாடு உடைமையாளர்களின் நாடாயிற்று. அதே லெவிட்டவுனின் ஒப்பந்தத்தில் வெள்ளையரல்லாதார் குடியிருக்கலாகாது என்ற வாசகம் இடம்பெற்றிருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் முன்னாள் வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் வழங்கப்பட்ட 3,229 கடன்களுள் கறுப்பின வீரர்களுக்குக் கிட்டியவை இரண்டே இரண்டு. நாட்டுக்காக ஒரே போரில் நின்றவர்கள் இவர்கள்.

இந்த இடத்தில் நம் வாசகர்கள் நன்கு அறிந்த ஒருவரின் வாழ்வு நினைவுக்கு வருகிறது. மால்கம் எக்ஸ் என்று உலகம் அறிந்த அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் அவர்களைப் பற்றி நம் ஏடுகளில் எழுதப்பட்டவை ஏராளம். அவர் இஸ்லாத்தின் பால் வந்ததையும், 1964இல் ஹஜ்ஜில் எல்லா நிறத்தாரையும் ஒரே அணியில் கண்டு மனம் மாறியதையும் அறியாதார் இல்லை. அவருடைய வாழ்வின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வீடு எரிந்ததை அத்துணைப்பேர் எண்ணிப் பார்த்ததில்லை.

1929இல் அவருடைய தந்தையார் ஏர்ல் லிட்டில் மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகரின் ஓரத்தில் ஒரு வீடு வாங்கினார். கூரைத் தொழிலும் மதப் பிரசங்கமுமாக வாழ்ந்த அவர், தம் பணத்தைக் கொடுத்து முறையாக வாங்கிய வீடு அது. அந்த மனையை வெள்ளையரல்லாதார்க்கு விற்கவோ, அவர்கள் அதில் குடியிருக்கவோ கூடாது என்ற நிபந்தனை பத்திரத்தில் இருப்பதாகக் கூறி அக்கம்பக்கத்தார் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் குடும்பத்தை வெளியேறச் சொல்லித் தீர்ப்பளித்தது. மேற்கொண்டு நடவடிக்கைக்கு அவர் முயன்றுகொண்டிருந்த நாளில், நவம்பர் மாதத்து ஓர் இரவில் வீடு தீப்பற்றி எரிந்தது. குடும்பம் உயிர் தப்பியது. வீட்டைக் கொளுத்தியவர் என்று காவல்துறை சந்தேகித்தது தந்தையாரையே! குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. அப்போது மால்கமுக்கு வயது நான்கு.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் அவர் தம் மனைவியோடும் நான்கு பெண்மக்களோடும் குடியிருந்த வீடு, அவர் விலகிவந்த ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தின் பெயரில் இருந்தது. இயக்கம் வழக்குத் தொடுத்து, வெளியேற்றும் ஆணையும் பெற்றது. 1965 பிப்ரவரி 14ஆம் நாள் விடியுமுன் அவ்வீட்டின்மீது தீக்குண்டுகள் வீசப்பட்டன. உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை அள்ளிக்கொண்டு அவர்கள் குளிரில் வெளியே ஓடிவந்தனர். ஒரு வாரம் கழித்து, 21ஆம் நாள், அவர் மேடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இலட்சக்கணக்கானோர்க்கு மான உணர்வை ஊட்டிய அந்த மனிதர் தமக்கென்று ஒரு வீடு வைத்திருக்கவில்லை.

பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இலேயே தீர்ப்பளித்துவிட்டது. செயின்ட் லூயிஸ் நகரில் வீடு வாங்கிய ஷெல்லி என்னும் கறுப்பினக் குடும்பத்தின் வழக்கு அது. ஆனால் தீர்ப்பு வந்தது, கடன் வரவில்லை. வங்கி கதவடைத்த கறுப்பினக் குடும்பங்கள் சிகாகோ போன்ற நகரங்களில் தரகர்களிடம் ‘ஒப்பந்த விற்பனை’யில் சிக்கின. மலிவாக வாங்கிய வீட்டைத் தரகர் பன்மடங்கு விலைவைத்து மாதத் தவணைக்கு விற்பார். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் தரகரிடமே இருக்கும். ஒரு மாதம் தவறினால் வீடும் இல்லை, அதுவரை கட்டிய பணமும் இல்லை. அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு விற்கப்படும். பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு விலையை மட்டும் வாங்கிக்கொண்டே இருப்பது எந்த வகை வணிகம்? விற்பனை என்று பெயர் சூட்டிவிட்டால் அது விற்பனை ஆகிவிடாது என்பதை நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியவர்கள் அறிவார்கள். ஏமாற்றப்பட்ட குடும்பங்கள் 1968இல் சிகாகோவில் சங்கம் அமைத்துப் போராடின. அதற்கு ஈராண்டு முன்பே, 1966இல், வீட்டுரிமை கேட்டு அதே நகரில் ஊர்வலம் சென்ற மார்ட்டின் லூதர் கிங் கல்லடி பட்டார். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார். 11ஆம் நாள் நியாய வீட்டுவசதிச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். ஈராண்டாக நாடாளுமன்றத்தில் உறங்கிக் கிடந்த மசோதாவுக்கு அந்தச் சாவுதான் விழிப்பைக் கொடுத்தது.

சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1960இல் வெள்ளையரின் வீட்டுடைமைக்கும் கறுப்பினத்தாரின் வீட்டுடைமைக்கும் இருந்த இடைவெளி நூற்றுக்கு 27 என்ற அளவில் இருந்தது. 2020ஐத் தாண்டிய பின்னும் அது குறைந்தபாடில்லை. தந்தை வாங்கிய வீடு விலையேறி மகனின் படிப்புக்கும் தொழிலுக்கும் முதலாகிறது. தந்தைக்கு வீடு மறுக்கப்பட்டால் மகன் வெறுங்கையோடு தொடங்குகிறான். கோட்டை அழித்தாலும், கோடு இருந்த காலத்தில் சேராமற்போன பொருள் எங்கிருந்து வரும்?

இதற்கிடையே கடனே ஒரு வணிகப் பொருளாயிற்று. 1970 முதல் வீட்டுக்கடன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பத்திரங்களாக்கி முதலீட்டாளர்களுக்கு விற்கும் முறை பரவியது. கடன் கொடுத்தவர் மறுநாளே அதை விற்றுவிடலாம். வாங்கியவர் திருப்பிக் கட்டுவாரா மாட்டாரா என்ற கவலை அவருக்கு எதற்கு? 2004இல் வீட்டுடைமை நூற்றுக்கு 69ஐத் தொட்டபோது ஆட்சியாளர்கள் பெருமிதம் கொண்டனர். முன்பு கடன் மறுக்கப்பட்ட அதே கறுப்பினப் பகுதிகளில் இப்போது கூடுதல் வட்டியில் கடன் திணிக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் பெரும் அடமான நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகியவற்றை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. லேமன் பிரதர்ஸ் திவாலாயிற்று. வீடிழந்தோர் பல இலட்சம் குடும்பங்கள். 2016இல் வீட்டுடைமை 63க்கு இறங்கிவிட்டது.

வட்டியை அந்நாடு வெறுமனே பொறுத்துக்கொள்ளவில்லை. அதற்குச் சலுகையும் காட்டியது. 1913இல் வருமான வரி வந்தபோதே கட்டிய வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமிருந்தது. 1986இல் சொந்தச் செலவுக்கான மற்றக் கடன்களின் வட்டிக்கு அச்சலுகையை நீக்கியவர்கள் வீட்டுக்கடன் வட்டிக்கு மட்டும் அதை விட்டுவைத்தனர். பெரிய வீட்டுக்குப் பெரிய கடன் வாங்குபவருக்கே பெரிய சலுகை; கடனின்றிச் சேமித்து வாங்குபவருக்கு இதில் எதுவும் இல்லை. இதைக் கண்டிக்கும் பொருளாதார அறிஞர்கள் அந்நாட்டிலேயே பலர் உண்டு.

நம்மவர் பிள்ளைகளும் கல்விக்கும் பணிக்கும் அந்நாடு சென்று குடியேறியுள்ளனர். வட்டிக்கடனில் வீடு வாங்கலாமா என்னும் கேள்வி அவர்களுடைய கடிதங்களிலும் தொலைபேசியிலும் நம்மிடம் வந்துகொண்டே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ‘லாரிபா’ என்ற நிறுவனம் 1987இல் வட்டியைத் தவிர்த்த நிதியுதவிக்கென்றே தொடங்கப்பட்டது. யுனைடெட் பேங்க் ஆஃப் குவைத் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அலுவலகம் 1997இல் ‘இஜாரா’ முறைக்கும் 1999இல் ‘முராபஹா’ முறைக்கும் இசைவு தந்தது. முன்னது, வங்கி வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டு முடிவில் கைமாற்றுவது. பின்னது, வாங்கிய விலையையும் தன் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்பது. இன்னொரு முறை, நிறுவனமும் குடும்பமும் பங்காளிகளாக வீட்டை வாங்க, குடும்பம் சிறிது சிறிதாக நிறுவனத்தின் பங்கை வாங்கிக்கொள்வது. அதே 1999இல் ஐரோப்பிய ஃபத்வா ஆய்வு மன்றம், வேறு வழியில்லாத மேல்நாட்டு முஸ்லிம்கள் குடியிருக்கும் ஒரு வீட்டுக்காக வங்கிக்கடன் பெறலாம் என்று நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் கருத்துரைத்தது. உலமாக்கள் பலர் அதை ஏற்கவில்லை. வாடகைக்கு வீடு கிடைக்கும்போது நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டனர்.

நாம் ஃபத்வா கொடுக்கும் தகுதி உடையோம் அல்லோம். எனினும் வரலாற்றைப் படித்தவர் என்ற முறையில் இரு தரப்பாரிடமும் கேட்க நமக்கு ஒரு கேள்வி உண்டு. மாற்று முறை என்று சொல்லப்படுவனவற்றிலும் மாதத் தொகை சந்தை வட்டி ஏறினால் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. அரபுப் பெயர் சூட்டியதால் மட்டும் பொருள் மாறிவிடுமா? சிகாகோத் தரகரும் தம் பத்திரத்துக்கு விற்பனை என்றுதான் பெயர் வைத்தார். மறுபுறம், வீடு தங்களுடையதாக இருக்கும்வரை அதன் பொறுப்பை உண்மையிலேயே சுமக்கும் நிறுவனங்களையும் அந்த ஒரே கணக்கில் தள்ளிவிடுவது நீதியாகாது. நட்டம் வரும் நாளில் யார் தோளில் அது விழுகிறது என்று ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதும் அதுதான்: பெயரைப் படிக்காதே, அந்தப் பக்கத்தைப் படி.

அமெரிக்காவின் வட எல்லைக்கு அப்பால், கனடாவின் டொரண்டோ நகரில், முஸ்லிம் குடியேறிகள் 1981இல் ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். உறுப்பினர்கள் தங்கள் சேமிப்பைப் பங்காகச் செலுத்துகின்றனர். சேர்ந்த பணத்தில் சங்கம் ஓர் உறுப்பினருக்காக வீடு வாங்குகிறது. அவர் தமக்குச் சொந்தமாகாத பங்குக்கு மட்டும் வாடகை கொடுத்துக்கொண்டு, இயன்றபோது மேலும் பங்குகள் வாங்குகிறார். அந்த வாடகை, வரிசையில் தம் முறைக்காகக் காத்திருக்கும் மற்ற உறுப்பினர்களுக்கு இலாபமாகப் போய்ச் சேருகிறது. வரிசை நீளம்தான்; காத்திருக்க வேண்டும்.